1080பி என்று போட்டிருந்தது

போன ஐப்பசியில் அடித்த இடியில் அப்பாவின் செட்டாப் பாக்ஸ் செத்துப்போனது. மின்னல் எங்கள் வீட்டில் விழவில்லை, தெருமுனைத் தென்னையில்தான் விழுந்தது. ஆனாலும் பாக்ஸின் சிவப்பு விளக்கு அதற்கப்புறம் எரியவே இல்லை. "ஒயரைக் கழட்டிப் போட்டிருக்கணும், என் தப்பு" என்றார் போனில். மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் அந்தப் புத்தியைச் சொன்ன மனிதர் தன் வீட்டில் கோட்டை விட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பாக்ஸ் போனது இரண்டாம் பட்சம்.

எங்கள் வீடு லால்குடிக்குப் பக்கத்தில். மாதச் சந்தா கட்டும் டிடிஎச் அப்பாவுக்கு ஆகாது. "நான் பாக்குற மூணு சேனலுக்கு மாசாமாசம் தண்டம் அழுவணுமா?" என்பார். அதனால் பல வருஷமாக டிடி ஃப்ரீ டிஷ்தான். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கியது அது. டிஷ்ஷும் பாக்ஸும் ஒரு தடவை வாங்கிவிட்டால் அப்புறம் காசு கிடையாது. தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடிக்கின்றன, அந்தப் பணத்தில் வண்டி ஓடுகிறது. தமிழ்ச் சேனல்கள் குறைவு என்பது பழைய புலம்பல். பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிய சேனலும் சில செய்திச் சேனல்களும் இருந்தால் அப்பாவுக்குப் போதும்.

புது பாக்ஸ் வாங்க இரண்டு பேருமாகத் திருச்சிக்குப் போனோம். கடைக்காரர் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து மேஜையில் போட்டார். பெட்டியின் பாதியை அடைத்துக்கொண்டு '1080பி ஃபுல் எச்டி' என்று தங்க நிற எழுத்து. "சார், இதுல போட்டா தியேட்டர் மாதிரி இருக்கும்" என்றார். அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தத் தங்க எழுத்தைத் தாண்டி, பெட்டியின் பின்பக்கம் எறும்பு வரிசை போல அச்சடித்திருந்ததைப் படிக்க ஆரம்பித்தார். வாரியத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்த்தகட்டைப் படித்துப் பழகிய கண். "டிவிபி-எஸ்2ன்னா என்னடா? 8பிஎஸ்கேன்னா என்ன? இதெல்லாம் ஏன் சின்னதாப் போட்டிருக்கான்?"

இந்தக் கட்டுரையே அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான். ஒரு எச்டி ரிசீவரில் உருப்படியான சங்கதி எல்லாம் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது.

முதலில் கணக்கு. பழைய எஸ்டி படம் 720க்கு 576 புள்ளிகள். முழு எச்டி 1920க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் சரியாக ஐந்து மடங்கு வரும். ஐந்து மடங்கு புள்ளிகளை அனுப்ப ஐந்து மடங்கு இடம் வேண்டும் என்றால் எந்த நிறுவனத்துக்கும் கட்டாது. ஆகாயத்தில் ஒரு டிரான்ஸ்பாண்டர், அதாவது செயற்கைக்கோளில் சேனல்களை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி, ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி, எத்தனை வாளி இறைக்கலாம் என்பதற்கு அளவு உண்டு. அதனால் இரண்டு வேலை நடந்தது. படத்தை இன்னும் இறுக்கி மடித்தார்கள். கிணற்றிலிருந்து இன்னும் கொஞ்சம் கூடுதலாக இறைக்கவும் வழி கண்டுபிடித்தார்கள்.

மடிப்பது கோடெக் என்ற சுருக்கும் முறையின் வேலை. எம்பெக்-2 தொண்ணூறுகளின் சரக்கு. எம்பெக்-4 என்று பெட்டிகளில் எழுதப்படும் எச்.264 வந்தது 2003இல். அதே தரத்துக்கு ஏறக்குறைய பாதி பிட் போதும். எச்.265 வந்தது 2013இல், அது இன்னொரு பாதியாக்கும். அப்பாவின் பழைய பாக்ஸ் எம்பெக்-2 மட்டும் தெரிந்தது. எம்பெக்-4 சேனல்கள் வந்தபோது அதில் பெயர் மட்டும் வரும், படம் வராது. "சேனல் ரிப்பேர்" என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். புது பாக்ஸ் வாங்குகிறவர்கள் தங்க எழுத்தை விட்டுவிட்டு இந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும். எச்.265 இருந்தால் இன்னும் நல்லது. இன்று உபயோகம் இல்லாவிட்டாலும் நாலு வருஷம் கழித்துத் திரும்பக் கடைக்குப் போக வேண்டாம்.

இறைப்பது டிவிபி-எஸ்2இன் வேலை, அதாவது செயற்கைக்கோள் வழியாக டிவி அனுப்பும் முறை. 2005இல் தரமாக வெளியானது. அதற்கு முன்னால் இருந்த டிவிபி-எஸ்ஸைவிட அதே அலைவரிசையில் ஏறக்குறைய முப்பது சதவீதம் கூடுதலாக அனுப்பலாம். இதன் உள்ளே இருக்கும் பிழைதிருத்த முறைக்கு ஒரு கதை உண்டு. 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கேலகர் என்ற எம்ஐடி ஆராய்ச்சி மாணவர் கண்டுபிடித்தது. அந்தக் காலத்துக் கணினிகளால் அந்தக் கணக்கைப் போட முடியவில்லை, அதனால் முப்பது வருஷம் தூசி படிந்து கிடந்தது. தொண்ணூறுகளில் தூசி தட்டி எடுத்தார்கள். இன்று லால்குடிப் பக்கத்து ஓட்டு வீட்டில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் பெட்டிக்குள் ஒரு சின்ன சில்லு அந்தக் கணக்கை நொடிக்கு எத்தனையோ தடவை போட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு 1080பியைவிட இது பெரிய அதிசயமாகத் தெரிகிறது.

அப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் பிடித்துக்கொண்டது வேறு ஒன்றை. பாக்ஸின் மெனுவில் டிரான்ஸ்பாண்டர் பட்டியலைத் திறந்தால் சிலவற்றுக்குப் பக்கத்தில் க்யூபிஎஸ்கே என்றும் சிலவற்றுக்கு 8பிஎஸ்கே என்றும் இருக்கும். அலையின் நிலையை நாலு விதமாக மாற்றி மாற்றி அனுப்பினால் க்யூபிஎஸ்கே, ஒரு துடிப்பில் இரண்டு பிட். எட்டு விதமாக மாற்றினால் 8பிஎஸ்கே, ஒரு துடிப்பில் மூன்று பிட். "அப்ப எல்லாத்தையும் எட்டாவே அனுப்ப வேண்டியதுதானே?" என்றார். ஒரு தட்டில் நாலு இட்லி வைத்தால் இடைவெளி இருக்கும், எட்டு வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்றேன். இரைச்சல் கூடினால் எது எந்த இட்லி என்று பாக்ஸுக்குத் தெரியாமல் போகும். முக்கால் பங்கு தரவும் கால் பங்கு பிழைதிருத்தமுமாக அனுப்பினால், நாலுக்கு ஏறக்குறைய 4 டெசிபல் சிக்னல் சுத்தம் போதும், எட்டுக்குக் கிட்டத்தட்ட 8 வேண்டும். அன்றிலிருந்து அவருக்குச் சேனல்கள் இரண்டு ஜாதி: நாலு, எட்டு.

மறுநாள் காலை மாடியேறினோம். பழைய 60 சென்டிமீட்டர் டிஷ், துருப்பிடித்த கிளாம்ப். இடி அடித்த ராத்திரிக் காற்றில் லேசாகத் திரும்பியிருந்தது. ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கும் அதை எங்கள் ஊரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் வடக்கிலிருந்து சுமார் 126 டிகிரி, அதாவது தென்கிழக்கு. உயரக் கோணம் சுமார் 69 டிகிரி, கிட்டத்தட்ட தலைக்கு மேலே. ஆனால் டிஷ்ஷைப் பார்த்தால் 69 டிகிரிக்கு அண்ணாந்து பார்ப்பது போலவே இருக்காது, அரைகுறையாகச் சாய்ந்திருக்கும். இந்த டிஷ்கள் ஆஃப்செட் வகை. அலையைச் சாய்வாக வாங்கி கீழே நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற சின்னக் கருவிக்குத் தள்ளுவதால் அந்தத் தட்டு சுமார் 45 டிகிரி சாய்ந்திருந்தாலே போதும். இது தெரியாமல் நானே ஒரு காலத்தில் டிஷ்ஷை வானம் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு அரை நாள் வெயிலில் காய்ந்திருக்கிறேன்.

ஆர்ஜி-6 ஒயரின் முனையைச் சீவி எஃப் கனெக்டர் போட்டேன். பாக்ஸை ஆன் செய்தால் திரையில் 'ஆன்டெனா ஷார்ட்' என்று வந்து நின்றது. அப்பா கீழே இறங்கி வந்து கனெக்டரைக் கழற்றி, முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்னல் கம்பியில் ஒரே ஒரு இழை, தலைமுடியைவிட மெல்லியது, நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதுல கரண்ட் போகுதா?"

போகிறது. பாக்ஸிலிருந்து 13 அல்லது 18 வோல்ட் அதே ஒயரில் மேலே ஏறி எல்என்பிக்குச் சாப்பாடு போடுகிறது. 13 என்றால் செங்குத்து அலையை எடு, 18 என்றால் கிடைமட்ட அலையை எடு. உத்தரவும் அந்த வோல்டேஜிலேயே அடக்கம். அதே ஒயரில் சிக்னல் கீழே இறங்குகிறது. ஆகாயத்திலிருந்து வரும் 11,090 மெகாஹெர்ட்ஸ் அலையை அப்படியே ஒயரில் விட்டால் மாடியிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் தேய்ந்துவிடும். எல்என்பி அதில் 9750ஐக் கழித்து 1340 ஆக்கி அனுப்புகிறது. "போறது டிசி, வர்றது சிக்னல், ரெண்டும் ஒரே கம்பியில. நல்லா யோசிச்சிருக்கான்" என்றார். அவர் வாயால் நல்லா யோசிச்சிருக்கான் என்பது அபூர்வமான சான்றிதழ். அட்டையின் பின்பக்கத்தில் கடைசிக்கு முந்தின வரியில் 'எல்என்பி ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு' என்று போட்டிருந்தது. அது இல்லாத பாக்ஸாக இருந்திருந்தால் அந்த ஒற்றை இழை அன்றைக்கே அதை முடித்திருக்கும்.

அடுத்தது திருப்பும் படலம். அப்பா மாடியில், நான் கூடத்தில், நடுவில் அம்மா படிக்கட்டில் தந்திக்கம்பி. திரையில் இரண்டு பட்டைகள்: ஸ்ட்ரென்த், குவாலிட்டி. டிஷ் திருப்புகிறவர்கள் பாதிப் பேர் ஏமாறுவது முதல் பட்டையில்தான். எல்என்பியை மாட்டின உடனே டிஷ் சும்மா வெறும் வானத்தைப் பார்த்தாலும் ஸ்ட்ரென்த் அறுபது, எழுபது காட்டும். அது எல்என்பியின் சொந்த இரைச்சலும் சேர்ந்த கூட்டல். குவாலிட்டிதான் படம். அது பூஜ்யத்திலேயே கிடந்து, டிஷ் சரியான இடத்தைத் தொட்டதும் ஒரே தாவாகத் தாவும்.

முதல் தாவலில் நான் "வந்துருச்சு" என்று கத்திவிட்டேன். சேனல் தேடினால் எல்லாம் பூட்டியவை. பக்கத்தில் 91.5 டிகிரியில் இன்னொரு செயற்கைக்கோள் கூட்டம் உண்டு, மலேசியாவின் மீசாட். அங்கிருந்தும் இந்தியாவுக்கு டிடிஎச் வருகிறது. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலமே சுமார் மூன்று டிகிரி. இரண்டு டிகிரி தள்ளி நிற்கும் அண்டை வீட்டுக்குப் போய்விட்டோம். 36,000 கிலோமீட்டருக்கு அப்பால் அந்த இரண்டு டிகிரி ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல். எங்கள் கிளாம்பில் அது நகக்கண் அளவு.

அந்த இரண்டு டிகிரியைத் தமிழ்நாடு ஒரு தடவை நன்றாகவே அறிந்திருக்கிறது. 2010 ஜூலையில் 93.5இல் இருந்த இன்சாட்-4பியின் மின்வழங்கலில் கோளாறு வந்து, 24 டிரான்ஸ்பாண்டர்களில் 12ஐ நிறுத்த வேண்டியதாயிற்று. ஏகப்பட்ட வீடுகளில் டிவி இருண்டது. அப்புறம் பார்த்தால் ஊரில் மாடிக்கு மாடி ஆள் நின்று டிஷ்ஷை 91.5 பக்கம் கொஞ்சமே கொஞ்சம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் டிஷ் திருப்பத் தெரிந்த பையன் அந்த வாரம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்தான்.

எங்கள் டிஷ்ஷை அப்பா ஒரு நூல், இன்னொரு நூல் என்று கிழக்கே தள்ளினார். குவாலிட்டி 40, 58, 71. நட்டை இறுக்கும்போது 66க்கு இறங்கியது. இறுக்கும்போது டிஷ் அசைவதைக் கணக்கில் வைத்து, எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்து இறுக்கினார். 72. இது எந்த மேனுவலிலும் இல்லாத வித்தை, கம்பத்தில் ஸ்டே கம்பி இறுக்கிய கைக்குத்தான் வரும். பிறகு ஹேக்ஸா பிளேடை எடுத்து, குழாயும் கிளாம்பும் சேரும் இடத்தில் இரண்டின் மேலும் ஒரே கோடாக ஒரு கீறல் போட்டார். அடுத்த புயலில் திரும்பினால் கீறலோடு கீறலைச் சேர்த்தால் சரி.

இனி 1080பிக்கு வருகிறேன். சேனல் எல்லாம் வந்தபின் நான் பெருமையாக மெனுவில் போய் படத்தின் அளவை 1080பி என்று வைத்தேன். பெரும்பாலான சேனல்கள் எஸ்டி. அவற்றை பாக்ஸ் இழுத்துப் பெரிதாக்கி 1080பி ஆக்குகிறது. பழைய வேட்டியைக் கல்யாண மண்டபத் திரைச்சீலையாகத் தொங்கவிட்ட மாதிரி. அதைக்கூட மன்னிக்கலாம். தூர்தர்ஷனின் எச்டி சேனலில் ஒரு ஹாக்கி மேட்ச் போனது. பந்து வேகமாகப் போகும்போதெல்லாம் மட்டையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி பிளந்தது. "இதுதான் எச்டியா?" என்றார் அப்பா.

விஷயம் இதுதான். 1080பியில் 'பி' (p) என்றால் எல்லாக் கோடும் ஒரே தடவையில் வரும் படம். இங்கே எச்டி சேனல்கள் வழக்கமாக வருவது '1080ஐ' (1080i) என்ற வகையில், பாதி பாதியாக. நொடிக்கு 50 தடவை, ஒவ்வொரு தடவையும் பாதிக் கோடுகள்: முதலில் ஒற்றைப்படை 540, அடுத்து இரட்டைப்படை 540. பழைய குழாய் டிவிக்கு அது இயல்பு. இன்றைய பட்டை டிவிக்கு எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் வேண்டும். யாராவது இரண்டு பாதியையும் பின்ன வேண்டும். பொருள் அசையாமல் இருந்தால் யார் பின்னினாலும் சரி. மட்டை வீசும்போது முதல் பாதியில் மட்டை ஓரிடத்தில், அடுத்த பாதியில் வேறிடத்தில். மலிவாகப் பின்னினால் சீப்புப் பல். 1080பி என்று வைத்ததால் அந்தப் பின்னல் வேலையை ஆயிரம் ரூபாய் பாக்ஸ் எடுத்துக்கொண்டது. நான் மெனுவில் திரும்பப் போய் 1080ஐ என்று இறக்கினேன். பாதியைப் பாதியாகவே பாக்ஸ் கொடுக்க, பின்னும் வேலை டிவியிடம் போனது. டிவியில் இருக்கும் சில்லு இதில் தேர்ந்தது. மட்டை ஒழுங்காகிவிட்டது.

ஆக, எந்தத் தங்க எழுத்துக்காக அந்தப் பெட்டியைக் கடைக்காரர் எடுத்துப் போட்டாரோ, அதை நிறுத்திய பிறகுதான் படம் நன்றாக வந்தது. உங்கள் வீட்டிலும் சோதித்துப் பாருங்கள். உங்கள் டிவி மட்டமானதாகவும் பாக்ஸ் உசத்தியானதாகவும் இருந்தால் விடை தலைகீழாக வரலாம். கூடவே இன்னொன்று: பழைய படங்கள் 4:3 சட்டத்தில் எடுத்தவை. அதை அகலத்திரை முழுக்க இழுத்துவிட்டால் அந்தக் காலத்துக் கதாநாயகிகள் எல்லோரும் ஒரு சுற்றுப் பெருத்துத் தெரிவார்கள். பக்கங்களில் கறுப்புப் பட்டை விழுந்தால் விழட்டும் என்று அமைப்பை மாற்றிவைத்தேன். "இப்பதான் ஆள் ஆளா இருக்கா" என்றார் அம்மா. அன்று முழுக்கப் பாக்ஸைப் பற்றி அவர் சொன்ன ஒரே கருத்து அதுதான்.

யுஎஸ்பி பதிவு பற்றிக் கொஞ்சம். வருகிற தரவை அப்படியே பென்டிரைவில் கொட்டுவதால் தரம் குறையாது, அது பெரிய சௌகரியம். எச்டி சேனல் ஒன்று நொடிக்கு 8 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. தை மாதம் திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனை ஒளிபரப்பை அம்மாவுக்காகப் பதிந்தோம். எஸ்டி என்பதால் கொஞ்ச இடம்தான் பிடித்தது.

மின்சாரம் பற்றி அப்பாவே கணக்குப் போட்டுவிட்டார். அடாப்டர் 12 வோல்ட் 1 ஆம்பியர், அதனால் 12 வாட்டைத் தாண்டாது. எட்டு வாட் என்று வைத்து நாள் முழுக்க விட்டால் இரண்டு மாதத்துக்குப் பதினொன்றரை யூனிட். இலவசமாகக் கிடைக்கும் நூறு யூனிட்டில் அது ஒன்பதில் ஒரு பங்கு. ரிமோட்டில் அணைத்தால் விளக்குதான் நிறம் மாறுகிறது, பாக்ஸ் சூடாகவே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்து அவரே கண்டுபிடித்தார். இப்போது ராத்திரி ஒன்பதரைக்கு சுவரில் சுவிட்சை அணைக்கிறார். இடிக்கும் அதுதான் மருந்து. ஆனால் மேலே போகும் ஒயரையும் கழற்ற வேண்டும் என்பதை இந்த முறை நான் ஞாபகப்படுத்தினேன். முறைத்தார்.

இந்தப் பாக்ஸுக்கே ஆயுசு எவ்வளவு என்று தெரியாது. சேட்டிலைட் டியூனரை டிவிக்குள்ளேயே வைப்பதற்கான இந்தியத் தரநிர்ணயம், ஐஎஸ் 18112, 2022இல் வந்தாயிற்று. டிவியில் நேராக ஒயரைச் சொருகிக்கொள்ளலாம். வந்தால் ஒரு ரிமோட் மிச்சம். டியூனர் கெட்டால் டிவியையே தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமே என்பது அப்பாவின் ஆட்சேபம். எனக்கும் அதே எண்ணம்தான்.

பங்குனி பிறந்த இரண்டாம் நாள் காலை பதினொன்றே கால் வாக்கில் போன் வந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, ஆனால் குவாலிட்டி மளமளவென்று இறங்குகிறது என்று. மாடிக்குப் போய் எல்என்பியைப் பாருங்கள் என்றேன். டிஷ்ஷில் பட்ட வெயில் எல்லாம் எல்என்பி மூடி மேல் குவிந்து கிடந்ததாம். வருஷத்துக்கு இரண்டு தடவை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், சில நாட்களுக்குச் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். சூரியனும் ரேடியோ இரைச்சல் போடுகிற ஆள்தான். அந்தச் சத்தத்தில் செயற்கைக்கோளின் முணுமுணுப்பு கேட்காது. சில நிமிஷத்தில் சரியாகிவிடும். "அப்ப நம்ம டிஷ் நேரா அதைத்தான் பாக்குதுன்னு சூரியனே சொல்லிருச்சு" என்றார். டிஷ் வைத்த ஆளுக்கு அதைவிட நல்ல சான்று வேறு கிடைக்காது.

சித்திரையில் கோடை மழை. இங்கே சென்னையில் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தேன், மூன்று தடவை போன் அடித்தது. வெளியே வந்து எடுத்தேன். பின்னணியில் ஓட்டில் மழை கொட்டும் சத்தம்.

"டேய், எட்டு போயிருச்சு. நாலு நிக்குது."

டிவியை அணைச்சு ஒயரைக் கழட்டுங்கப்பா என்றேன்.

"இடி இல்லடா, வெறும் மழை. எத்தனை நிமிஷம் நிக்குதுன்னு பாத்துக்கிட்டிருக்கேன். வை போனை."